மனஉறுதியை நம்பாதவர்களே சோதனையை வெல்கிறார்கள்

பெரிய பாவங்களின் வாசலில் நிற்க நேரும் மனிதர்கள் குறைவு. பெரும்பாலோரின் வாழ்க்கையைத் தீர்மானிப்பவை சில்லறைச் சோதனைகள்தான். தூங்கப் போகும் நேரத்தில் கைபேசியை இன்னொரு முறை திறப்பது, எதிரில் இல்லாதவரைப் பற்றிக் கொஞ்சம் கூட்டிப் பேசுவது, பயணப்படிக் கணக்கில் சிறு தொகையை ஏற்றி எழுதுவது, ‘இன்றைக்கு மட்டும்’ என்று ஒரு கிளாஸை நிரப்புவது. இவற்றுக்காக யாரும் கூண்டில் ஏறுவதில்லை. ஆனால் ஒருவரின் குணம் உருவாவதும் குலைவதும் இங்கேதான். இதற்கு வீட்டிலும் பள்ளியிலும் மேடையிலும் நாம் தரும் அறிவுரை ஒன்றே ஒன்று: மனதை உறுதியாக வைத்துக்கொள். தோற்றுப்போனவரிடம், உனக்கு மனஉறுதி போதவில்லை என்கிறோம். கிறிஸ்தவ விசுவாசம் இதற்கு நேர் எதிரான இடத்திலிருந்து தொடங்குகிறது. உன் உறுதியை நம்பாதே, நீ பலவீனன் என்பதை முதலில் ஒப்புக்கொள் என்கிறது அது. அந்த ஒப்புதலிலிருந்து பிறக்கும் முன்னேற்பாடுகளே அன்றாடச் சோதனையை வெல்லும் வழி என்பதும், இன்றைய ஆய்வுகளும் பெருமளவுக்கு அந்தப் பக்கமே நிற்கின்றன என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

வேதாகமத்தில் மனஉறுதியைப் பற்றி மிகப் பெரிய வாக்கைக் கொடுத்தவர் பேதுரு. எல்லோரும் விட்டு ஓடினாலும் நான் ஓடமாட்டேன் என்று கடைசி இராவுணவின் இரவில் சொன்னார். அன்றிரவே கெத்செமனே தோட்டத்தில் ஒரு மணி நேரம்கூட விழித்திருக்க முடியாமல் தூங்கினார். சேவல் கூவுவதற்குள் மூன்று முறை மறுதலித்தார். அவரை வீழ்த்தியது போர்வீரனின் வாள் அல்ல, முற்றத்தில் ஒரு வேலைக்காரப் பெண் கேட்ட கேள்வி. பவுல் ரோமருக்கு எழுதிய கடிதத்தின் ஏழாம் அதிகாரத்தில், விரும்பும் நன்மையைச் செய்ய முடியாமல் வெறுக்கும் தீமையையே செய்துவிடும் தன் போராட்டத்தை மறைக்காமல் எழுதுகிறார். இயேசு கற்றுக்கொடுத்த ஜெபமோ, சோதனையை எதிர்த்து நிற்கும் வீரத்தைக் கேட்கச் சொல்லவில்லை. சோதனைக்குள் கொண்டுபோய்விடாதபடி வேண்டிக்கொள்ளச் சொல்கிறது. உலகெங்கும் கோடிக்கணக்கானோர் தினமும் சொல்லும் அந்த ஜெபத்தின் உள்ளே, நான் அந்த இடத்துக்குப் போனால் தாங்கமாட்டேன் என்ற நேர்மையான ஒப்புதல் இருக்கிறது.

இந்த ஒப்புதல் வெறும் பக்திப் பேச்சு அல்ல என்பதற்கு ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் நடந்த ஓர் ஆய்வு சாட்சி. வில்ஹெல்ம் ஹாஃப்மன், ராய் பாமைஸ்டர் உள்ளிட்ட உளவியலாளர்கள் 205 பேரின் கையில் கருவி ஒன்றைக் கொடுத்து, ஒரு வாரம் நாள்தோறும் பலமுறை அழைத்து, இப்போது உங்களுக்குள் என்ன ஆசை எழுந்திருக்கிறது, அதைத் தடுக்கப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். 2012ல் வெளியான அந்த ஆய்வில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆசைகள் பதிவாயின. தன்னடக்கம் மிகுந்தவர்கள் ஒவ்வொரு ஆசையோடும் மல்லுக்கட்டி வெல்பவர்கள் என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் அவர்கள் ஆசையோடு மோதிய தருணங்களே மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தன. 2017ல் கனடாவில் மாணவர்களிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வும் இதையே வேறு வகையில் காட்டியது. சோதனையை எதிர்த்து அதிகம் போராடியவர்கள் இலக்கை அடைந்தவர்கள் அல்லர். சோதனையைக் குறைவாகச் சந்தித்தவர்களே அடைந்தார்கள். தன்னடக்கம் என்று நாம் வியப்பதில் பெரும்பகுதி, போராட்டம் தொடங்கும் முன்பே செய்யப்பட்ட ஏற்பாடு.

வேதாகமத்தின் இரு கதைகளை அருகருகே வைத்தால் இது விளங்கும். எகிப்தில் அடிமையாக இருந்த யோசேப்பை எஜமானின் மனைவி நாள்தோறும் வற்புறுத்தினாள். அவளோடு தனித்திருக்கவும் அவன் இணங்கவில்லை. கடைசியில் வீட்டில் யாரும் இல்லாத நாளில் அவள் அவன் மேலாடையைப் பிடித்தபோது, ஆடையை அவள் கையிலேயே விட்டுவிட்டு வெளியே ஓடினான். அங்கே நின்று தன் நெறியை விளக்கி வாதாடவில்லை. அந்த ஓட்டத்துக்கு அவன் கொடுத்த விலை சிறைவாசம். தாவீதின் கதை இதற்கு மாறானது. அரசர்கள் போருக்குப் புறப்படும் காலத்தில் அவர் எருசலேமிலேயே தங்கிவிட்டார். மாலையில் அரண்மனை மாடியில் உலாவினார், கண்ணில் பட்ட பத்சேபாள் என்ற பெண்ணை நின்று பார்த்தார், யார் என்று விசாரித்தார், ஆள் அனுப்பினார். பத்சேபாளின் கணவன் உரியாவின் சாவில் முடிந்த அந்தக் கதையில் ஒவ்வொரு படியிலும் திரும்பியிருக்க இடம் இருந்தது. சங்கீதங்கள் பாடிய பக்தனான தாவீது விழுந்ததற்கும், அந்நிய நாட்டில் அடிமையான யோசேப்பு நின்றதற்கும் காரணத்தை மனவலிமையில் தேடத் தேவையில்லை. ஒருவன் விலகினான். மற்றவர் அருகே போனார். விலகியிருப்பதே முதல் ஏற்பாடு.

எல்லாச் சோதனையிலிருந்தும் ஓட முடியாது என்பதும் உண்மைதான். சில சோதனைகள் நாம் இருக்கும் இடத்துக்கே வரும். அதற்கு விசுவாசம் வைத்திருக்கும் இரண்டாவது ஏற்பாடு, முன்கூட்டியே மனதில் பதிந்த சொல். நாற்பது நாள் பட்டினிக்குப் பின் வனாந்தரத்தில் சோதிக்கப்பட்ட இயேசு, மூன்று முறையும் உபாகமத்தின் வசனங்களைக் கொண்டே பதில் சொன்னார். அந்தப் பசியின் உச்சத்தில் புதிதாக வாதம் எதையும் அவர் தேடவில்லை. சிறுவயது முதல் கற்றவை நாவில் இருந்தன. நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்த துறவி எவாகிரியஸ், இந்த நிகழ்வையே முன்மாதிரியாகக் கொண்டு ஒரு கையேடு தொகுத்தார். பெருந்தீனி, காமம், பண ஆசை, துயரம், கோபம், சோர்வு, புகழாசை, அகந்தை என மனிதனைத் தாக்கும் எண்ணங்களை எட்டாகப் பிரித்து, எந்த எண்ணம் எந்த வடிவில் வந்தால் எந்த வேதவசனத்தைச் சொல்வது என்று ஐந்நூறை நெருங்கும் பதில்களை அடுக்கினார். சோர்வு பிடித்த துறவியை அவர் வருணிக்கும் இடம் இன்றைக்கும் பொருந்தும். அவனுக்குச் சூரியன் நகராததுபோல் தோன்றும். நாள் ஐம்பது மணி நேரமாக நீளும். சாப்பாட்டு வேளைக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று வானத்தைப் பார்ப்பான், யாராவது வருகிறார்களா என்று மறுபடி மறுபடி சன்னலை எட்டிப் பார்ப்பான். வேலைக்கு நடுவே காரணமின்றிக் கைபேசித் திரையைத் தொடும் எவருக்கும் அந்தத் துறவியைத் தெரியும்.

எவாகிரியஸ் செய்ததை இன்றைய உளவியல் வேறு பெயரில் சோதித்துப் பார்த்திருக்கிறது. இன்னது நேர்ந்தால் இன்னது செய்வேன் என்று முன்கூட்டியே திட்டமாகத் தீர்மானித்துக்கொள்பவர்கள், பொதுவாக நல்ல எண்ணம் மட்டும் வைத்திருப்பவர்களைவிட அதிகமாகத் தங்கள் இலக்கை எட்டுகிறார்கள் என்று பீட்டர் கோல்விட்சர், பாஸ்கல் ஷீரன் இருவரும் 94 ஆய்வுச் சோதனைகளைத் தொகுத்து 2006ல் காட்டினார்கள். இனிமேல் கோபப்படமாட்டேன் என்ற தீர்மானம் முதல் உரசலிலேயே உடைந்துவிடும். பிள்ளை மதிப்பெண் அட்டையை நீட்டும்போது நான் முதலில் உட்காருவேன், இந்த ஒரு வசனத்தை மனதுக்குள் சொல்லி முடித்த பிறகே வாய் திறப்பேன் என்ற தீர்மானம் நிற்கும். ஞாயிறு பள்ளிகளில் குழந்தைகளை மனப்பாட வசனம் சொல்லவைப்பதைப் பழைய கால வழக்கம் என்று ஒதுக்குகிறவர்கள், அதன் பயன் எங்கே என்பதைக் கவனிப்பதில்லை. பரிசு வாங்கும் மேடையில் அல்ல, முப்பது வருடம் கழித்து யாரும் பார்க்காத ஓர் இரவில்தான் அது பயன்படுகிறது.

மூன்றாவது ஏற்பாடு இன்னொரு மனிதர். அகுஸ்தீன் தம் தாய் மோனிக்காவைப் பற்றித் தம் ‘ஒப்புதல்கள்’ நூலில் ஒரு செய்தியைப் பதிவு செய்கிறார். சிறுமியாக இருந்தபோது, பீப்பாயிலிருந்து திராட்சை மது எடுத்துவரப் பெற்றோர் அவளை அனுப்புவார்கள். குடத்தில் ஊற்றும் முன் உதட்டு நுனியில் ஒரு துளி வைத்துப் பார்த்தாள். குடிக்கும் ஆசையெல்லாம் இல்லை, வெறும் விளையாட்டுத்தனம். நாளுக்கு நாள் துளி கூடியது, கடைசியில் ஏறக்குறைய நிறைந்த கிண்ணங்களையே குடிக்கும் பழக்கமானது. வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. கூடப் போகும் வேலைக்காரப் பெண் ஒருநாள் சண்டையில் அவளைக் குடிகாரி என்று ஏசினாள். அந்த ஒரு சொல்லில் மோனிக்கா தன்னைக் கண்டுகொண்டாள், அன்றே விட்டாள். மறைவில் வளரும் பழக்கத்துக்கு எதிரான மருந்து வெளிச்சம் என்பதைச் சபை எப்போதும் அறிந்திருந்தது. குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடுங்கள் என்று யாக்கோபு எழுதியதும், கத்தோலிக்கரின் ஒப்புரவு அருட்சாதனமும் அதற்காகத்தான். 1738ல் ஜான் வெஸ்லி சிறு குழுக்களுக்கு வகுத்த விதிகளில், கடந்த கூட்டத்துக்குப் பிறகு என்ன பாவம் செய்தாய், என்ன சோதனையைச் சந்தித்தாய், எப்படித் தப்பினாய் என்ற கேள்விகள் வாராவாரம் ஒவ்வொருவரிடமும் கேட்கப்பட்டதும் அதற்காகத்தான்.

இந்த வழியின் பலனை மதுப்பழக்கத்தில் அளந்திருக்கிறார்கள். 1935ல் அமெரிக்காவின் ஏக்ரான் நகரில் பில் வில்சன், டாக்டர் பாப் ஸ்மித் என்ற இரு குடிநோயாளிகளின் சந்திப்பிலிருந்து ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் பிறந்தது. ஆக்ஸ்ஃபோர்டு குழு என்ற கிறிஸ்தவ இயக்கத்தின் பாவ அறிக்கையும் ஈடுசெய்தலும் அதன் பன்னிரண்டு படிகளுக்கு அடிப்படை. முதல் படியே, மதுவின் முன் எங்களுக்குச் சக்தியில்லை என்ற ஒப்புதல். 27 ஆய்வுகளையும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளையும் தொகுத்து 2020ல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, முறையாக வகுக்கப்பட்ட பன்னிரண்டு படிச் சிகிச்சை பெற்றவர்களில் ஓராண்டுக்குப் பின் முற்றிலும் குடிக்காமல் இருந்தவர்கள் சுமார் 42 சதவீதம் என்றும், பிற உளவியல் சிகிச்சைகளில் அது சுமார் 35 சதவீதம் என்றும் கணக்கிட்டது. பாதிப் பேருக்கு மேல் மீண்டும் குடித்தார்கள் என்பதும் இதே கணக்கில் இருக்கிறது. அற்புதம் என்று முரசறைய இதில் எதுவும் இல்லை. ஆனால் என்னால் முடியாது என்று தொடங்கியவர்கள், மற்ற வழியில் வந்தவர்களைவிடப் பின்தங்கவில்லை, முந்தியே நின்றார்கள்.

நான்காவது ஏற்பாடு விழுந்த பிறகு எழுவது. பேதுருவும் யூதாசும் ஒரே இரவில் ஒரே ஆண்டவருக்குத் துரோகம் செய்தவர்கள். ஒருவர் அழுது திரும்பி வந்தார், மற்றவர் மன்னிப்பு உண்டு என்று நம்பமாட்டாமல் உயிரை விட்டார். இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார், 1548ல் அச்சான தம் ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ நூலில் இதற்கு ஒரு நடைமுறையே வகுத்தார். ஒரே ஒரு குற்றத்தைத் தேர்ந்துகொள். வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு கோடு போடு. காலையில் எழும்போது தீர்மானம், மதிய உணவுக்குப் பின்னும் இரவு உணவுக்குப் பின்னும் கணக்கு. எத்தனை முறை விழுந்தாயோ அத்தனை புள்ளி. பிறகு நேற்றையும் இன்றையும், போன வாரத்தையும் இந்த வாரத்தையும் ஒப்பிட்டுப் பார். புள்ளிகள் இருக்கும் என்று எதிர்பார்த்தே வரையப்பட்ட கோடுகள் அவை. நாள் முழுவதையும் ஆராயும்போதோ, முதலில் கடவுளுக்கு நன்றி, அதன் பிறகே குற்றங்கள் என்பது அவர் வைத்த வரிசை. ஒருமுறை தவறினால் எல்லாம் போயிற்று என்று கைகழுவுகிறவர்கள்தான் ஒரு சறுக்கலை முழு வீழ்ச்சியாக்கிக்கொள்கிறார்கள்.

இங்கே நியாயமான ஒரு கேள்வி எழும். விலகியிரு, முன்கூட்டித் தீர்மானி, நண்பரிடம் சொல், மறுபடி தொடங்கு என்பதெல்லாம் நல்ல உத்திகள்; இதற்குக் கடவுள் எதற்கு? கடவுள் நம்பிக்கை இல்லாமலே ஒழுங்காக வாழ்கிறவர்கள் நம்மைச் சுற்றி எத்தனையோ பேர். விரதமும் நோன்பும் இருக்கும் பிற சமயத்தாரின் தன்னடக்கத்தைத் தமிழர்கள் ஆண்டுதோறும் பார்க்கிறார்கள். தன்னடக்கம் கிறிஸ்தவர்களின் ஏகபோகம் என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் உத்தி ‘எப்படி’ என்பதைச் சொல்லும், ‘யாருக்காக’ என்பதைச் சொல்லாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஸ்காட்லாந்துப் போதகர் தாமஸ் சால்மர்ஸ், ஓர் ஆசையை வெறும் தடையால் விரட்ட முடியாது, அதைவிடப் பெரிய அன்பு உள்ளே வந்தால்தான் அது வெளியேறும் என்று பிரசங்கித்தார். கிறிஸ்தவ வாழ்வின் மையம் அதுவே. தன்னை நேசிப்பவரைப் புண்படுத்தக் கூடாது என்ற எண்ணம், பிடிபட்டுவிடுவோம் என்ற பயத்தைவிட நீண்டநாள் உழைக்கும். யாரும் பார்க்காத இடத்தில் அந்த எண்ணத்துக்குத்தான் வேலை இருக்கிறது. இந்த உத்திகளைக் கடைசிவரை கைவிடாமல் பிடித்திருக்கத் தேவையான பலத்தையே விசுவாசிகள் கிருபை என்கிறார்கள்.

குற்றவுணர்வைப் பற்றிய விமர்சனம் இதைவிடக் கடுமையானது, அதில் உண்மையும் உண்டு. அமெரிக்க உளவியலாளர் ஜோஷுவா கிரப்ஸ் குழுவினர் 2015ல் வெளியிட்ட ஆய்வில், ஆபாசப் படம் பார்ப்பது குறித்துத் தங்களை அடிமை என்று கருதும் எண்ணம், எவ்வளவு பார்க்கிறார்கள் என்பதைவிட எவ்வளவு சமயப் பற்றும் அறவெறுப்பும் கொண்டிருக்கிறார்கள் என்பதோடுதான் இணைந்திருந்தது. வெட்கத்தை மட்டும் ஊட்டும் போதனை மனிதர்களை மறைவுக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளும். வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று சொல்லப்பட்டவர்கள் அதையே நினைத்தார்கள் என்று உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987லேயே காட்டினார். ஆனால் இது சரியான கிறிஸ்தவ போதனைக்கு எதிரான சாட்சி அல்ல. இயேசு நம்மைப்போல் எல்லா விதத்திலும் சோதிக்கப்பட்டார், ஆனாலும் பாவம் செய்யவில்லை என்கிறது எபிரெயர் நிருபம். அப்படியானால் சோதிக்கப்படுவது பாவம் அல்ல. எண்ணம் வருவது நம் கையில் இல்லை, அதைத் தங்கவைப்பதுதான் நம் கையில் இருக்கிறது என்று எவாகிரியஸும் பிரித்துச் சொன்னார். இந்த ஒரு வேறுபாட்டைப் பிரசங்க மேடைகள் தெளிவாகச் சொன்னால் எத்தனையோ இளைஞர்களின் தேவையற்ற சுமை இறங்கும். பழக்கம் நோயாகிவிட்டவருக்கு ஜெபத்தோடு மருத்துவரும் தேவை. உபவாசம் போதும், மருந்து வேண்டாம் என்று சொல்லும் போதகர் அந்த நோயாளிக்குத் தீங்கு செய்கிறார்.

மன்னிப்பு உண்டு என்றால் தப்பு செய்யத் துணிவு வராதா என்று எதிர்ப்பக்கமிருந்தும் கேட்பார்கள். கிருபை பெருகும்படி பாவத்தில் நிலைத்திருக்கலாமா என்று பவுலே கேட்டு, கூடவே கூடாது என்று பதிலும் சொல்லிவிட்டார். சீடத்துவம் இல்லாமல் மன்னிப்பை மட்டும் விநியோகிக்கும் மலிவான கிருபையைத் திருச்சபையின் எதிரி என்றே 1937ல் இறையியலாளர் டீட்ரிச் போன்ஹோஃபர் கண்டித்தார். மன்னிக்கப்பட்ட சகேயு, அநியாயமாக வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னான். திருப்பித் தரும் இந்தக் கணக்கையும் சேர்த்ததுதான் மனந்திரும்புதல்.

சரி, இத்தனை வழிகள் இருந்தும் போதித்தவர்களே விழுகிறார்களே? வாதத்தைச் சோதிக்கும் கேள்வி இதுதான். சென்னையில் பிறந்து உலகமெங்கும் விசுவாசத்துக்காக வாதாடிய ரவி சக்கரியாஸ் 2020ல் மறைந்தார். அவர் பெண்களிடம் பாலியல் அத்துமீறல்களில் ஈடுபட்டிருந்தார் என்பதை வெளி வழக்கறிஞர் நிறுவனத்தின் விசாரணைக்குப் பின் 2021 பிப்ரவரியில் அவருடைய அமைப்பே ஒப்புக்கொண்டது. அறிவிலும் வேத ஞானத்திலும் குறைந்தவர் அல்லர். அவரைக் கேள்வி கேட்கும் அதிகாரம் கொண்ட கண் ஒன்று அருகில் இல்லை. அமெரிக்க நற்செய்தியாளர் பில்லி கிரஹாமும் அவருடைய தோழர்களும் 1948ல் கலிபோர்னியாவின் மொடெஸ்டோ நகரில் உட்கார்ந்து, ஊழியக்காரர்களை எவையெவை வீழ்த்துகின்றன என்று பட்டியலிட்டார்கள். பணம், பாலியல் தவறு, உள்ளூர்ச் சபைகளை இழித்துப் பேசுவது, கூட்டத்தின் எண்ணிக்கையை மிகைப்படுத்துவது என நான்கு வந்தன. ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே விதி செய்துகொண்டார்கள். மனைவியல்லாத பெண்ணோடு தனித்திருப்பதில்லை என்ற விதி, பெண் ஊழியர்களின் வாய்ப்பைக் குறைக்கிறது என்ற விமர்சனத்துக்கு உள்ளானது; அதில் நியாயம் இருக்கிறது, கதவில் கண்ணாடி பதிப்பது போன்ற நல்ல மாற்றுகளும் இன்று இருக்கின்றன. ஆனால் நாம் விழக்கூடியவர்கள் என்று அவர்கள் நம்பினார்கள். பணத்திலோ பாலியலிலோ பெரிய இழுக்கு இல்லாமல் நீண்ட ஊழியத்தை முடித்தார் கிரஹாம். தலைவர்களின் வீழ்ச்சி இந்த வாதத்தை உடைக்கவில்லை. பலவீனத்தை ஒப்புக்கொள்ள மறுக்கும் இடத்தில் என்ன நடக்கும் என்பதைக் காட்டி, அதை உறுதிப்படுத்துகிறது.

கடைசியாக, சோதனையைத் தனிமனிதரின் ஒழுக்கப் பிரச்சினையாக மட்டும் பேசுவது, சோதனையை விற்றுப் பிழைப்பவர்களைத் தப்பவிடும் என்ற ஆட்சேபம். இதை முழுமையாக ஏற்கிறேன். ஆண்டவர் கற்றுக்கொடுத்த ஜெபம் ‘என்னை’ என்று கேட்பதில்லை, ‘எங்களை’ என்றே கேட்கிறது. குருடனின் வழியில் தடைக்கல் வைப்பதை மோசேயின் சட்டம் தடுக்கிறது. சிறியவரை இடறவைப்பவருக்கு இயேசு சொன்ன எச்சரிக்கை, அவர் சொன்னவற்றில் மிகக் கடுமையானவற்றில் ஒன்று. 2003 முதல் அரசு நிறுவனமே மதுவைச் சில்லறையில் விற்கும் தமிழ்நாட்டில், குடிப்பவனிடம் மட்டும் மனஉறுதி பேசுவது நேர்மை ஆகாது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்து 2025ல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், சோதனையைத் தூர வைப்பதும் பொதுக் கடமை என்பதை ஏற்றுக்கொண்டது. பலவீனர்களைக் கணக்கில் கொண்டு சட்டம் செய்வது, தன் பலவீனத்தை அறிந்த மனிதர் தன் வீட்டில் செய்யும் அதே காரியம்தான்.

ஆகவே சபைகளுக்கு ஒரு வேண்டுகோள். வெற்றிச் சாட்சிகளை மட்டும் மேடையேற்றாதீர்கள். இந்த வாரம் விழுந்தேன் என்று ஒருவர் அச்சமின்றிச் சொல்லவும், சொன்னது வெளியே போகாமல் காக்கவும் தெரிந்த மூன்று நான்கு பேர் கொண்ட குழுக்களை ஒவ்வொரு சபையிலும் உருவாக்குங்கள். போதகர்களும் ஆயர்களும் முதலில் அதில் உட்காரட்டும். வாசகருக்கும் ஒரு சொல். உங்களைத் திரும்பத் திரும்ப வீழ்த்தும் சோதனை எது, எந்த நேரத்தில், எந்த இடத்தில் வருகிறது என்பது உங்களுக்குத் தெரியும். அந்த நேரம் வருவதற்குள் அந்த இடத்திலிருந்து விலகுங்கள், சொல்ல வேண்டிய சொல்லை மனதில் வையுங்கள், நம்பத்தக்க ஒருவரிடம் இன்றே பேசுங்கள். விழுந்தால் எழுந்திருங்கள். என்னால் தனியாக முடியாது என்று சொல்வது தோல்வி அல்ல. கிறிஸ்தவ விசுவாசத்தில் வெற்றி அந்த வாக்கியத்திலிருந்துதான் தொடங்குகிறது.